கருத்துக் கேட்ட பிறகு என்ன ஆகிறது?

ஓர் ஊருக்குச் சுரங்கமோ துறைமுகமோ அனல்மின் நிலையமோ வரப்போகிறது என்றால், அதற்கு முன்னால் வருவது கருத்துக் கேட்புக் கூட்டம். பெரும்பாலும் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் போலீஸ் வேன்கள். மேடையில் மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ, பக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி, திரையில் நிறுவனத்தின் படக்காட்சி, ஓரத்தில் ஸ்டாண்டில் நிற்கும் வீடியோ கேமரா. வேனில் வந்து இறங்கியவர்கள் காலையிலேயே முன்வரிசையைப் பிடித்திருப்பார்கள். “இவங்கல்லாம் எந்த ஊரு?” என்று பின்வரிசையில் முணுமுணுப்பு எழும். மீனவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, நாங்கள் வலை விரிக்கிற இடத்தில்தானே உங்கள் பாலம் வருகிறது என்று கேட்கத் தொடங்கும்போது, “சுருக்கமா முடிங்க, இன்னும் நிறைய பேர் பேசணும்” என்று மேடையிலிருந்து குரல் வரும். கூட்டம் முடிந்ததும் பக்கத்து டீக்கடையில் பேச்சு ஒன்றுதான்: “எல்லாம் கண்துடைப்புங்க. முடிவு எடுத்துட்டுத்தான் நம்மகிட்ட கேக்குறாங்க.”

இப்படிச் சொன்னவர்கள்தான் அடுத்த கூட்டத்துக்கும் வருகிறார்கள். கையால் எழுதிய மனுவோடு, பட்டா நகலோடு, கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியதைக் காட்ட ஒரு பாட்டிலோடு வருகிறார்கள். நம்பாத கூட்டத்துக்கு மக்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள், வந்தும் ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

இந்தக் கூட்டம் அரசு மனமிரங்கிக் கொடுத்த சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது சட்டப்படியான கடமை. 1994-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், 1997 ஏப்ரலில் செய்த திருத்தத்தின் வழியாகப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமானது. இன்று நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி அறிவிக்கை. அதன்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். பத்திரிகை எட்டாத இடங்களில் தண்டோரா போட்டும் வானொலி மூலமாகவும் தெரிவிக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரும் விளக்கம் கேட்கலாம். எல்லாவற்றையும் வீடியோவில் பதிய வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பின் சுருக்கத்தை மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும்.

தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் அதே அறிவிக்கை, குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. வாக்கெடுப்பும் கிடையாது. ஆயிரம் பேர் வேண்டாம் என்று சொன்னாலும், அந்தக் குறிப்பு டெல்லியிலோ மாநிலத் தலைநகரிலோ கூடும் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகிற கோப்பில் ஒரு இணைப்பாகச் சேரும். அவ்வளவுதான். கூட்டத்துக்கு வருகிறவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. நாம் சொல்வதை வைத்துத்தான் முடிவு என்று நம்பி வருகிறார்; சில மாதங்கள் கழித்து அனுமதி கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் பார்க்கிறார்.

மொழியில் இன்னொரு தடை. தாக்க மதிப்பீட்டு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள், பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் தரப்படுவது சுருக்கம் மட்டும். தன் ஊரின் நிலத்தடி நீர்மட்டம் பற்றி அந்த அறிக்கையின் நடுப்பக்கம் ஒன்றில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேதான் விவசாயி மைக்கைப் பிடிக்கிறார். அங்கே ஓடாத ஒரு வாய்க்கால் ஓடுவதாக எழுதியிருந்தாலோ, இருக்கிற கண்மாய் விடுபட்டிருந்தாலோ, அதைச் சட்டென்று பிடிக்கக்கூடியவர் அவர்தான். அவரிடம் அந்தப் பக்கம் போய்ச் சேருவதே இல்லை.

அதைவிடச் சிக்கலானது, பலருக்குத் தெரியாத ஒரு விதி. உள்ளூர்ச் சூழ்நிலை காரணமாக மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும்படி கூட்டம் நடத்த இயலாது என்று நடத்தும் அமைப்பு அறிக்கை அனுப்பினால், கூட்டமே இல்லாமல் மேலே போக அனுமதி தரும் அதிகாரிக்கு வழி இருக்கிறது. ஆத்திரத்தில் நாற்காலியைத் தூக்கி வீசிக் கூட்டத்தைக் கலைத்தால் அது எதிர்ப்பாகவும் பதிவாகலாம், கூட்டத்தைத் தவிர்க்கக் காரணமாகவும் ஆகலாம். உட்கார்ந்து பேசினால் ‘மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது’ என்ற வரி கோப்பில் ஏறிவிடும். கூட்டத்தைப் புறக்கணிப்பதா, போய்ப் பேசுவதா என்று ஒவ்வோர் ஊரிலும் முதல் நாள் இரவு நடக்கும் வாக்குவாதத்துக்கு அர்த்தம் இதுதான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

கோவாவில் ஓர் இரும்புத்தாதுச் சுரங்கத்துக்கு எதிராக உத்கர்ஷ் மண்டல் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2009 நவம்பரில் தந்த தீர்ப்பு இந்த இடத்தில் முக்கியமானது. கூட்டத்தில் மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை மதிப்பீட்டுக் குழு பரிசீலித்ததா, ஏன் நிராகரித்தது என்பதைக் காரணத்தோடு எழுத வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கேட்டால் போதாது, பதிலும் சொல்ல வேண்டும் என்பது அன்றே சட்டத்தின் மொழியில் வந்துவிட்டது. கூட்டத்துக்குப் போகிற எல்லோர் கையிலும் இந்தத் தீர்ப்பின் சாரம் இருக்க வேண்டும்.

அதிகாரிகள் தரப்பில் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. உள்ளூர்க்காரர்கள் பேசுவதைவிட வெளியூர் இயக்கக்காரர்களும் கட்சிக்காரர்களும் பேசுவதுதான் அதிகம் என்பது அவர்கள் குறை. சில இடங்களில் அது உண்மையும்கூட. நிலம் வைத்திருப்பவர் திட்டம் வேண்டாம் என்கிறபோது, நிலமே இல்லாத அடுத்த தெருக்காரர் வேலை கிடைக்கும் என்று வேண்டும் என்கிறார். மக்கள் கருத்து என்பது ஒற்றைக் கருத்து அல்ல. அதனால்தான் அதைக் கேட்டுப் பிரித்துப் பார்த்து எழுதுவது உழைப்பைக் கோரும் வேலையாகிறது. அந்த உழைப்பைத் தவிர்க்கும்போதுதான் எல்லாக் குரலும் ‘ஆதரவும் எதிர்ப்பும் தெரிவிக்கப்பட்டன’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறது.

ஓர் ஊரின் திட்டத்துக்கே இந்த நிலை என்றால், நாடு முழுமைக்குமான கொள்கையில் என்ன நடக்கிறது?

தேசியக் கல்விக் கொள்கையை எடுத்துக்கொள்ளலாம். 2015-இல் கருத்துக் கேட்பு தொடங்கியது. முதலில் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் குழு. அதன் பிறகு இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு. 2019 மே 31-இல் அந்தக் குழுவின் 484 பக்க வரைவு வெளியானது. மும்மொழித் திட்டத்தில் இந்தியைக் குறிப்பிட்ட பத்தி தமிழ்நாட்டைக் கொந்தளிக்க வைத்தது. ஜூன் 3-ஆம் தேதியே அந்தப் பத்தி திருத்தப்பட்டது. கருத்துச் சொல்ல ஜூன் 30 வரை இருந்த அவகாசம் ஜூலை 31 வரை நீட்டிக்கப்பட்டது. 2020 ஜூலை 29-இல் மத்திய அமைச்சரவை கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. அப்போது நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை.

ஒப்புதலை அறிவித்தபோது அரசு பெருமையோடு சொன்ன எண்கள் இவை: 2.5 லட்சம் கிராம ஊராட்சிகள், 6,600 ஒன்றியங்கள், 6,000 நகர உள்ளாட்சிகள், 676 மாவட்டங்கள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலோசனைகள். உலகிலேயே இவ்வளவு பெரிய கருத்துக் கேட்பு அரிது என்று தோன்றும். ஆனால் திண்டிவனத்திலோ தென்காசியிலோ இருந்து ஒரு பள்ளி ஆசிரியர், ‘ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வேண்டாம்’ என்று எழுதி அனுப்பியிருந்தால், அது என்ன ஆனது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எத்தனை பேர் அதையே சொன்னார்கள், குழு அதை ஏற்றதா, ஏற்கவில்லை என்றால் என்ன காரணம் என்று ஆலோசனைவாரியாகப் பதில் சொல்லும் ஆவணம் எதுவும் அவர் கைக்கு வரவில்லை. அவர் கண் முன்னால் மாறிய ஒரே பத்தி, தெருவில் எழுந்த எதிர்ப்பால் மாறியது. மூன்று நாள் கூச்சல் சாதித்ததைத் தன் கடிதத்தால் சாதிக்க முடியவில்லை என்ற எண்ணம் அவருக்கு வந்தால் அது அவர் தவறு அல்ல. அரசே கற்றுக்கொடுத்த பாடம் அது.

2020-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை இன்னும் தெளிவான உதாரணம். கொரோனா ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் இருந்த ஏப்ரல் மாதத்தில் அது அரசிதழில் வந்தது. கருத்துச் சொல்ல 60 நாள். பொதுமக்கள் கூட்டத்துக்கான முன்னறிவிப்பை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கவும் அதில் யோசனை இருந்தது. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருப்பதை எதிர்த்து வழக்கு போனது. டெல்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30-ஆம் தேதி, அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்து, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது. மத்திய அரசு அந்த உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. கருத்துக் கேட்கிற அரசு, கேட்கப்படுகிறவர்களின் மொழியில் வரைவைத் தருவதற்கு எதிராக வழக்காடியது மக்கள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

அந்த வரைவுக்கு 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல் எழுதப் பழகியது அந்தக் கோடையில்தான். வரைவு இறுதி வடிவம் பெறாமலே நின்றுபோனது. அது மக்களுக்குக் கிடைத்த வெற்றி என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் பழைய அறிவிக்கையில் சிறுசிறு திருத்தங்களும் அலுவலகக் குறிப்பாணைகளும் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. தலைப்புச் செய்தியாகாத அந்தத் தாள்களுக்கு 17 லட்சம் பேரும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க முடியாது.

சட்டம் இயற்றும் முன் மக்களைக் கேட்பதற்கு மத்திய அரசிடமே எழுத்தில் ஒரு நெறிமுறை இருக்கிறது. 2014 ஜனவரியில் செயலாளர்கள் குழு முடிவெடுத்து, பிப்ரவரியில் எல்லா அமைச்சகங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பியது. மசோதா வரைவை எளிய விளக்கத்தோடு குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் தொகுப்பை இணையதளத்தில் போட வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அது சட்டம் அல்ல. மீறினால் கேட்க ஆளில்லை. மூன்று வேளாண் சட்டங்கள் 2020 ஜூன் 5-இல் அவசரச் சட்டங்களாக வந்தன. செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பு. அதன் பிறகுதான் விவசாய சங்கங்களோடு 11 சுற்றுப் பேச்சு நடந்தது. டெல்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்த பின், 2021 நவம்பர் 19-இல் சட்டங்கள் திரும்பப் பெறப்படும் என்று பிரதமர் அறிவித்தார். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டதற்கு விவசாயக் குடும்பங்கள் கொடுத்த விலை பெரிது. குளிரிலும் நோயிலும் திரும்பி வராமலே போனவர்கள் அவர்களில் பலர்.

அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் எழுதிய கட்டுரையில், அரசில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடிப்படி, மக்களைத் தங்கள் வசதிக்கு வளைப்பது. உச்சிப்படி, மக்கள் கையிலேயே அதிகாரம். கருத்துக் கேட்பை நான்காவது படியில் வைத்து, பெயரளவுப் பங்கேற்பு என்ற வகையில் சேர்த்தார். கேட்டது முடிவில் இடம்பெறும் என்ற உறுதி இல்லாதவரை அது அந்தப் படியைத் தாண்டாது என்பது அவர் வாதம். அரை நூற்றாண்டு கழித்தும் நம் கூட்டங்கள் பெரும்பாலும் அந்தப் படியிலேயே நிற்கின்றன.

எல்லாக் கூட்டமும் அப்படி அல்ல. 2010-இன் தொடக்கத்தில் நடந்த மரபணு மாற்றக் கத்தரிக்காய் விவாதம் அதற்குச் சாட்சி. பிடி கத்தரிக்காயைப் பயிரிடலாம் என்று மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் சொல்லிவிட்டது. மகிகோ நிறுவனத்தோடு சேர்ந்து அதில் வேலை செய்த நிறுவனங்களில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் ஒன்று. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இருந்த சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், உடனே போடவில்லை. கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஐதராபாத், பெங்களூரு என்று ஏழு நகரங்களுக்குப் போனார். ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி 6 வரை நடந்த கூட்டங்களில் சுமார் 8,000 பேர் கலந்துகொண்டார்கள்.

அந்தக் கூட்டங்கள் அமைதியாக நடக்கவில்லை. விதைப்பாதுகாப்பு இயக்கத்தினர் ஒரு பக்கம், பூச்சிமருந்துச் செலவு குறையும் என்று ஆதரித்த விவசாயிகள் மறுபக்கம், விஞ்ஞானிகளிலேயே இரண்டு அணி. கூச்சலும் கோஷமும் இருந்தன. ஆனால் அமைச்சரே நேரில் உட்கார்ந்து கேட்டார், குறுக்கிட்டார், சண்டை போட்டார். மாநில முதல்வர்களுக்கும் வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கும் கடிதம் எழுதிக் கேட்டார். பிப்ரவரி 9-ஆம் தேதி, சுதந்திரமான ஆய்வுகள் பாதுகாப்பை உறுதிசெய்யும் வரை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். முடிவோடு அதற்கான காரணங்களையும் பக்கம் பக்கமாக எழுதினார். தனக்கு வந்த கடிதங்களை இணைப்பாக வெளியிட்டார். எந்த வாதம் தன்னை அசைத்தது, எது அசைக்கவில்லை என்று யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்.

அறிவியல் முடிவைக் கூட்டத்தின் இரைச்சல் தீர்மானித்துவிட்டது என்று விஞ்ஞானிகள் பலர் இன்றும் அதைக் கண்டிக்கிறார்கள். வங்கதேசம் அதே கத்தரிக்காயை 2013-இல் அனுமதித்தது. ரமேஷின் முடிவு சரியா தவறா என்று வாதிடலாம். அந்த வாதத்தைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய முடிகிறது என்பதுதான் பெரிய விஷயம். தோற்ற தரப்புக்கும் பதில் கிடைத்தது. ‘கண்துடைப்பு’ என்று அந்தக் கூட்டங்களை எளிதில் சொல்லிவிட முடியாது.

ஒடிசாவின் நியமகிரி மலையில் நடந்தது இன்னொரு படி மேலே. வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலைக்கு பாக்சைட் எடுக்கும் திட்டத்தில், 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே முடிவை விட்டது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் பார்வையாளராக இருக்க, ஜூலையிலிருந்து ஆகஸ்ட் வரை 12 கிராமங்களில் சபை கூடியது. டோங்கிரியா கோந்து பழங்குடிப் பெண்களும் ஆண்களும் தங்கள் குவி மொழியில் பேசினார்கள், பேசியது எழுதப்பட்டது, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கப்பட்டன. 12 கிராமங்களும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருக்க 12-ஐ மட்டும் தேர்ந்தெடுத்தது சரியா என்ற சர்ச்சை அன்றும் இருந்தது. ஆனாலும் மலை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கேட்டுவிட்டுக் கைவிடும் கதை வெளிநாடுகளிலும் உண்டு. பிரான்ஸில் குலுக்கலில் தேர்ந்தெடுத்த 150 பேரை வைத்துப் பருவநிலைக்கான மக்கள் மாநாடு நடத்தினார் அதிபர் மக்ரோன். பரிந்துரைகளை வடிகட்டாமல் முன்னெடுப்பேன் என்றார். அவர்கள் தந்தது 149 பரிந்துரைகள். பல நீர்த்துப்போயின. 2021 பிப்ரவரியில் அந்த மக்களே மீண்டும் கூடி, தங்கள் பரிந்துரைகளை அரசு நடத்திய விதத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். பத்துக்கு 3.3.

தமிழர்களுக்கு இந்த அலுப்பு மிக நெருக்கமானது என்பதற்கு இலங்கையின் வடக்கும் கிழக்கும் சாட்சி. போர் முடிந்த பின் 2010-இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013-இல் காணாமல்போனோர் குறித்த பரணகம ஆணைக்குழு வந்தது. ஒவ்வொன்றின் முன்பும் தாய்மார்கள் மகனின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சரணடைந்த இடத்தையும் நாளையும் திரும்பச் சொன்னார்கள். 2016-இல் நாட்டின் நல்லிணக்கக் கொள்கை எப்படி இருக்க வேண்டும் என்று மக்களிடமே கேட்க, மனோரி முத்தெட்டுவகம தலைமையில் 11 பேர் கொண்ட கலந்தாலோசனைச் செயலணி அமைக்கப்பட்டது. தீவு முழுவதும் கூட்டங்கள் நடத்தி 7,306 சமர்ப்பிப்புகளைப் பெற்றது அது. கேட்டுக்கொண்டிருந்தபோதே, அந்த ஆகஸ்டில் காணாமல்போனோர் அலுவலகச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது.

2017 ஜனவரி 3-இல் அறிக்கையைப் பெற்றுக்கொள்ள ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க வாங்கிக்கொண்டார். சர்வதேச நீதிபதிகளும் இடம்பெறும் கலப்பு நீதிமன்றம் வேண்டும் என்ற முக்கியப் பரிந்துரையை அமைச்சர்கள் வெளிப்படையாக மறுத்தார்கள். பிப்ரவரி 20-ஆம் தேதி கிளிநொச்சியில் அந்தத் தாய்மார்கள் தெருவோரத்தில் பந்தல் போட்டுத் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்கும்போது, அவநம்பிக்கை என்ற வார்த்தை போதாது.

மீண்டும் தமிழ்நாட்டுக்கு. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையின் விரிவாக்கம், சிப்காட் தொழிற்பேட்டைக்குள் வருவதாகச் சொல்லி மக்கள் கருத்துக் கேட்பு இல்லாமலே நகர்ந்தது. 2018 மே 22-இல் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மொத்தம் 13 உயிர்கள் போயின. மறுநாள், மே 23-இல், உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு விரிவாக்கப் பணிக்குத் தடை விதித்து, மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே மேலே போக வேண்டும் என்றது. ஒரு மண்டபத்தில் மைக்கில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல அந்த ஊர் மக்களுக்கு இடமே தரப்படவில்லை.

கூட்டத்தை நம்பாதவர்கள் கூட்டத்தைக் காப்பாற்றப் போராடுவதும் இங்கேதான் நடந்தது. 2020 ஜனவரி 16-இல் எண்ணெய், எரிவாயு ஆய்வுத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்தபோது, காவிரிப் படுகையின் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அதே கூட்டங்களைக் கண்துடைப்பு என்று திட்டியவர்கள்தான் அவர்கள். அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்களும் முக்கியக் கனிமங்களும் எடுக்கும் சுரங்கங்களுக்கும் விலக்கு தரும் அலுவலகக் குறிப்பாணை வந்தது. முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறக் கோரிக் கடிதம் எழுதினார். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் கடற்கரைக் கிராமங்களின் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிமம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நிற்கும் மக்களுக்கு, ஒரு மைக்கின் அருமை இப்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

மாநில அரசும் இதில் தப்பிக்க முடியாது. பரந்தூர் விமான நிலையத்துக்காக நிலம் இழக்கப்போகும் ஏகனாபுரம் கிராம சபை, திட்டம் வேண்டாம் என்று தீர்மானம் மேல் தீர்மானம் போட்டுவிட்டது. டெல்லி கேட்கவில்லை என்று கடிதம் எழுதும் சென்னை, காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரு கிராமத்துக்கும் காரணத்தோடு பதில் சொல்லக் கடமைப்பட்டது.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் சில விஷயங்களைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது. மைக்கில் பேசியது குறிப்பில் எப்படிச் சுருங்கும் என்று தெரியாது. எனவே ஆட்சேபத்தை எழுத்திலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். முடிவில் சுருக்கத்தை வாசிக்கும்வரை மண்டபத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. விடுபட்டதை அங்கேயே சொல்லிச் சேர்க்கச் சொல்லலாம். மக்கள் எழுப்பிய கேள்விகளும் நிறுவனத்தின் பதில்களும் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் தயாரிக்கப்பட்டு, ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும் என்பது 2006 அறிவிக்கையின் விதி. ஒட்டவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். அனுமதி தரப்பட்டுவிட்டால் 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மேலும் 60 நாள் வரை தரும். தென்மாநிலங்களுக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. எழுத்தில் கொடுத்த ஆட்சேபத்துக்கு மதிப்பீட்டுக் குழு காரணம் சொல்லவில்லை என்பதை அங்கே முதல் வாதமாக வைக்கலாம்.